மொழியியல் வரலாறு ஆன்லைன் கோர்ஸ் ரிவ்யூ: அரசியல் பாடத்துக்காகவே எடுக்கலாம்

மொழியியல் எப்படி வளந்துச்சுன்னு சொல்ற ரெக்கார்டட் கோர்ஸ் ஒண்ணு பாத்து முடிச்சேன். ரிவ்யூ எழுதறதே ரெண்டாவது பாதிக்காகத்தான், அரசியல் கொள்கை உள்ள புகுந்தா மொழி ஆராய்ச்சி என்ன ஆகும்ங்கறத அதுல ரொம்ப பொறுமையா சொல்லியிருக்காங்க.

நேரா கதைக்குப் போகாம, ரெண்டு மொழி சொந்தம்னு எப்படி நிரூபிக்கறதுன்னு முதல்ல சொல்லித்தர்றாங்க. ஒலி மாறினா ஒரே விதமா, வரிசையா மாறணும். அவங்க லத்தீன் உதாரணம் தர்றாங்க, நமக்கு கன்னடமே போதும்: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. ஒரு ஜோடின்னா தற்செயல்னு விட்டுடலாம், இத்தனையும் அப்படி அமையாது.

இதுக்கப்புறம் நிகோலாய் மார் பத்தின பாடம், கோர்ஸ்லயே பெஸ்ட் இதுதான். ஜார்ஜிய, ஆர்மீனிய பழைய நூல்கள்ல நிஜமாவே பெரிய வேலை பாத்த அறிஞர் அவர். அப்படிப்பட்டவர் 1920கள்ல எல்லா மொழியும் சால், பெர், யோன், ரோஷ்னு நாலு ஒலித்துண்டுல இருந்து வந்ததுன்னும், மொழிக்குடும்பம்ங்கறதே முதலாளித்துவ விஞ்ஞானம்னும், மொழி வர்க்கத்தோட சேந்ததுன்னும் சொல்றார், அது சோவியத் கொள்கைக்கு வசதியா இருந்ததால அரசு ஆதரவு கிடைச்சு அதுவே அதிகாரபூர்வ மொழியியலா ஆயிடுது. எந்தச் சொல்லுக்குள்ளயும் அந்த நாலுல ஒண்ணத் தேடி எடுத்துடலாம், தப்புன்னு காட்டவே வழி கிடையாது. யெவ்கேனி பொலிவானோவ்ங்கற சோவியத் மொழியியலாளர் 1929ல மாஸ்கோவுல மேடையேறி இத மறுத்தார், இத்தனைக்கும் அவரும் மார்க்சியவாதிதான். அப்புறம் மத்திய ஆசியாவுக்கு ஒதுங்க வேண்டியதாச்சு, 1937ல கைது, ஜப்பான் உளவாளின்னு குற்றம் சாட்டி 1938ல சுட்டுக் கொன்னுட்டாங்க. இந்த இடத்துல வீடியோவ நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

அத விட முக்கியமா எனக்குப் பட்டது 1950. பிராவ்தா பத்திரிகைல ஸ்டாலினே கட்டுரை எழுதி மார் சொன்னது தப்புங்கறார், உடனே அத்தனை வருஷம் மார் புகழ் பாடினவங்கள்ல நிறைய பேர் மாத்திப் பேசறாங்க. முடிவு சரிதான், ஆனா அந்த முடிவும் மேலேருந்துதான் வந்துச்சு, ஆதாரம் அன்னிக்கும் எடுபடல. கோர்ஸ் இத அழுத்திச் சொல்றது ரொம்ப சரி.

துருக்கி பாடம் ரொம்ப அவசரம். எல்லா மொழிக்கும் மூலம் துருக்கிய மொழிதான்னு சொன்ன சூரிய மொழிக் கோட்பாடு, அத பேசின 1936 மொழி மாநாடு, எல்லாம் சர்ருனு போயிடுது. அரபு, பாரசீகச் சொற்கள வெளிய தள்ளிட்டு இருந்தவங்களுக்கு, எல்லா மொழியும் துருக்கிய மொழிலேருந்துதான் வந்ததுன்னா அந்தச் சொற்களையும் தள்ளவே வேணாம்னு ஒரு வசதி கிடைச்சது, அத இன்னும் விரிவா பேசியிருக்கணும். ஆரியம்ங்கற மொழியியல் பேர இனமா மாத்தினதும் சுருக்கமாதான் வருது, 1888லயே சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் அத எதிர்த்து எழுதினத மட்டும் நல்லா சொல்றாங்க.

என்னோட பெரிய குறை, சர்வாதிகார ஆட்சிகள மட்டுமே காட்டறாங்க. யாரும் மிரட்டாமலே மொழிப்பற்றால இதே வேலை நடக்குது. உலக மொழிகளுக்கெல்லாம் தாய் தமிழ்னு ஒரு பக்கம், சமஸ்கிருதம்னு இன்னொரு பக்கம், ரெண்டு பேருமே முடிவ முதல்ல வச்சுக்கிட்டு அதுக்கேத்த சொற்களத் தேடறாங்க. 1816ல சென்னையில இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸும் 1856ல கால்டுவெல்லும் திராவிட மொழிகள ஒப்பிட்டுக் காட்டின முறைய பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் பளிச்சுனு தெரியும், அதுக்கு ஒரு பாடம் இல்லாதது பெரிய நஷ்டம்.

சப்டைட்டில்ல ரஷ்யப் பேரெல்லாம் தாறுமாறா வருது, சரி பண்ணணும். மத்தபடி அஞ்சுக்கு நாலு. மொழியியல் தெரியாதவங்களும் எடுக்கலாம், முதல் பாதிய மட்டும் ஸ்கிப் பண்ணிடாதீங்க, அது இல்லாம மார் ஏன் தப்புங்கறத நீங்களா கண்டுபிடிக்க முடியாது, இவங்க சொல்றாங்கன்னு நம்பத்தான் முடியும்.