பைபாஸுக்குப் பிறகு ஏறும் எடை: தையலா, சூடா, ஊசியா?

எடை குறைக்க இரைப்பை பைபாஸ் சத்திரசிகிச்சை செய்து சில வருடம் கழித்து எடை திரும்ப ஏறினால், மட்டக்களப்பில் கலியாண வீட்டு மாமிமார் சொல்வது ஒன்றுதான்: "வாயக் கட்டல்ல போல." அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் உள்ளேயும் ஒரு காரணம் இருக்கலாம். சத்திரசிகிச்சையில் ஏறத்தாழ 30 மில்லிலீட்டர் பிடிக்கும் சின்னப் பையாக இரைப்பையைச் சுருக்கி, சிறுகுடலோடு ஒரு குறுகிய வாயால் இணைப்பார்கள். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கவேண்டிய அந்த வாய் காலப்போக்கில் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் விரியலாம். அப்புறம் சொதியில் குழைத்த புட்டும், பாணி விட்ட எருமைத் தயிரும் பையில் தங்காமல் இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வு நிற்காது.

அந்த வாயைத் திரும்பச் சிறிதாக்க எண்டோஸ்கோப்பியில், அதாவது தொண்டை வழியாக இறக்கும் கேமராக் குழாயில், இரண்டு வழி உண்டு. தையல் முறையில், குழாயின் நுனியில் பொருத்திய கருவி விளிம்பைச் சுற்றித் தைத்து, வாயை 8 முதல் 10 மில்லிமீட்டருக்கு இறுக்கும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. இதற்கான கருவி ஒன்றுக்கு 2022இல் அனுமதி கொடுத்தது. பெரும்பாலும் ஒரே தடவையில் முடிந்துவிடும். ஆனால் முழு மயக்கம் வேண்டும், கருவியும் விலை கூடியது. வெளிவந்த ஆய்வுகளில் ஒரு வருடத்தில் இறங்கிய எடை, சராசரியாக உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட. நூறு கிலோ ஆள் தொண்ணூறுக்கு வரலாம், எழுபதுக்கு அல்ல.

மற்றது ஆர்கன் வாயுவால் சூடு வைப்பது. விளிம்பைக் கருக்கினால் அது தழும்பாகி இறுகும். இரத்தக்கசிவை நிறுத்தவும் இதே கருவிதான் என்பதால், இதற்கெனத் தனியாக ஒன்று வாங்கவேண்டியதில்லை. பொதுவாக அரை மயக்கம் போதும். சிறிய ஒப்பீட்டு ஆய்வுகளில் எடை விடயத்தில் தையலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் மலிவானதையே எடுக்கலாமே? கொழும்பில் இருப்பவர் எடுக்கலாம். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று தடவை போகவேண்டும். கொழும்பில்தான் செய்வதென்றால், அக்கரைப்பற்றிலிருந்து வேலைக்கு லீவு போட்டுத் துணைக்கு ஆளும் கூட்டிப்போகும் செலவையும் கணக்கில் சேருங்கள். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் கொஞ்ச நாள் நீராகாரம்தான். வடைக்காரர் ஏறி இறங்கும் உதயதேவி ரயிலில் அது ஒரு தவம். வாய் அளவுக்கு மிஞ்சி இறுகினால் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகும், பலூன் வைத்து விரிக்க இன்னொரு பயணம். இந்த ஆபத்து தையலிலும் உண்டு. தூரத்தில் இருப்பவருக்கு, கையில் காசு இருந்தால், தையல்தான் சரி என்பேன்.

செமாகுளூட்டைட், லிராகுளூட்டைட் ஊசிகள் பசியையே குறைக்கின்றன. வாய் விரியாதவருக்கும் வேலை செய்யும், பயணமும் குறைவு. ஓங்காளம் வரும், மாதாமாதம் செலவு. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர் வைத்தியரைக் கேட்டு அளவை மாற்றாமல் தொடங்கக்கூடாது. தையல் போட்ட பிறகும் இந்த ஊசியைச் சேர்க்கலாம். ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும் என்றில்லை.

மறுபடி வயிற்றைத் திறப்பது கடைசி வழி. இரண்டாவது தடவை உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது அதிகம், கசிவு ஆபத்தும் கூடும். சின்னப் பைக்கும், ஒதுக்கிவிட்ட பழைய இரைப்பைக்கும் இடையே துவாரம் விழுந்தவருக்கு அது தேவைப்படலாம்.

எதற்கும் முன்னால் ஒரு எண்டோஸ்கோப்பி. அறிக்கையில் "விரிந்துள்ளது" என்று மட்டும் இருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாய் சரியான அளவில் இருந்தால் தைக்க ஒன்றுமில்லை. சாப்பாட்டு ஆலோசனையும் ஊசியும்தான். இணைப்பில் புண் இருந்தால் முதலில் அது ஆறவேண்டும். புகையையும், மூட்டு வலிக்கு வாங்கிப் போடும் டைக்குளோஃபெனாக்கையும் நிறுத்துங்கள். ஸ்லீவ், அதாவது இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குழாய் போலாக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இந்த இணைப்பே இல்லை, அவர்களின் கணக்கு வேறு.