ஆங்கிலத்தில் சே (say), டெல் (tell): எதை எங்கே போடுவது?

தமிழில் ரெண்டுக்குமே 'சொல்'தான், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. டெல் என்றால் யாரிடம் என்பது பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும்: 'ஷி டோல்ட் மீ'. சே போட்டால் சொன்ன விஷயம் போதும், ஆள் தேவையில்லை. ஆளையும் சேர்த்தே ஆகணும் என்றால் நடுவில் ஒரு 'டு' வேண்டும், நம்மவர்கள் சரளமாக அடித்துவிடும் 'ஹி செட் மீ' தப்பு. வேலை ஏவ டெல்தான் வசதி: 'டெல் ஹிம் டு வெய்ட்'. பொய், உண்மை, கதை எல்லாம் டெல் பக்கம். ஹலோ, சாரி ரெண்டும் சே பக்கம், ஏன் என்று கேட்காதீர்கள், வழக்கம் அப்படி. போர்டில் எழுதியிருப்பதற்கும் சேதான்: 'த போர்டு செஸ் நோ பார்க்கிங்'. அப்புறம், இரட்டையர்களைப் பார்த்து 'ஐ கான்ட் டெல் தெம் அபார்ட்' என்றால் யாரும் எதுவும் சொல்லவில்லை, யார் யாரென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். இந்த இடத்தில் சே எட்டியே பார்க்காது.