ஆயாவா, தங்கும் ஆளா, ஏஜென்சியா, காப்பகமா: ஏற்பாடு தவறும் நாளை வைத்து ஓர் அலசல்

பேறுகால விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதுதான் பெரும்பாலான வீடுகளில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு எழுகிறது. பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று ஆக்கியது. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவர் அலுவலகம் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து மாதம்கூட நிரம்பியிருக்காது. கஞ்சியோ கூழோ தொடங்காத வயது.

அந்தக் குழந்தையை யாரிடம் விடுவது என்பதைச் சம்பளம் எவ்வளவு, ஆள் நம்பகமா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே பலரும் முடிவு செய்கிறார்கள். இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி: இந்த ஏற்பாடு தவறும் நாளில் என்ன செய்வோம்? நல்ல நாளில் எல்லா ஏற்பாடும் ஒன்றுபோலத்தான் நடக்கும். திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு, “இன்றைக்கு வர முடியாது மேடம்” என்று போன் வரும்போதுதான் அவற்றின் வித்தியாசம் தெரியும். சென்னையை வைத்தே பேசுகிறேன். மற்ற ஊர்களில் தொகையும் தூரமும் மாறும்.

தாத்தா பாட்டியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அவர்களைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது; சம்பளமில்லாத ஆயாவாக வைக்கவும் கூடாது.

வந்து போகும் ஆயா

காலை எட்டரைக்கு வந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிற ஏற்பாடு இது. அடையாறு, மயிலாப்பூர், ஓ.எம்.ஆர். பக்கத்து வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களில் பலர் கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறார்கள். நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். முன்பு நடந்து வந்த வீட்டுக்கு இப்போது பஸ் ஏற வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால் செலவு குறைந்தது; நேரம் குறையவில்லை. ஆயா தேடும்போது நான் முதலில் பார்ப்பது அவருடைய அனுபவத்தை அல்ல, அவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதைத்தான். ஒரே பஸ் என்றால் நிம்மதி. இரண்டு என்றால் மழைக்காலத்தில் அழுதுவிடுவீர்கள்.

இந்த ஏற்பாடு தவறும் நாட்கள் அதிகம். அவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வரும், பள்ளியில் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். ஆயாவின் பாட்டி எத்தனை முறை இறந்தார் என்று கணக்கு வைத்துச் சிரிப்பது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பழைய நகைச்சுவை. மாதத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று முதல் நாளே பேசிவிட்டால் அந்தப் பாட்டிகள் நீண்ட ஆயுளோடு இருப்பார்கள். வார விடுமுறை போக மாதம் இரண்டு நாள், முந்தைய நாள் மாலைக்குள் தெரிவிக்க வேண்டும், உடம்பு சரியில்லை என்றால் காலையில் சொன்னாலும் போதும்: இவ்வளவு பேசுவதற்குப் பத்து நிமிடம் ஆகாது. விடுப்பே கிடையாது என்று ஆரம்பிக்கிற வீட்டில்தான் விடுப்பு பொய்யாக வருகிறது.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியமாக மணிக்கு 37 ரூபாய் நிர்ணயித்தது. தோராயமாக ஒன்பது மணி நேரம், மாதம் 26 நாள் என்று பெருக்கினால் 8,658 ரூபாய் வருகிறது. அந்தத் தொகைக்குச் சென்னையில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் நிலைக்காது. “அரசு சொன்னதைத்தானே கொடுக்கிறோம்” என்பவர்கள் தங்கள் சம்பளத்தையும் அரசின் குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

தங்கும் ஆயா

காகிதத்தில் இதுதான் சிறந்தது. போன் வராது, பஸ் தாமதமாகாது. அலுவலகக் கூட்டம் எட்டு மணிவரை நீண்டாலும் கவலையில்லை.

ஆனால் இரண்டு படுக்கையறை வீட்டில் அவர் எங்கே படுப்பார்? பெரும்பாலும் ஹாலில், தொலைக்காட்சி அணைந்த பிறகு, பாய் விரித்து. துணி மாற்றக் குளியலறைதான். இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் எழுவார், காலை ஆறு மணிக்குக் காப்பி போடவும் எழுவார். இப்படி ஓடுகிற ஏற்பாடு தவறும்போது ஒரு நாள் மட்டும் தவறுவதில்லை. பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ போகிறவர் பத்து நாளில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போவார். பதினோராம் நாள் போன் அணைந்திருக்கும். அதை நன்றிகெட்டதனம் என்று திட்டுவது எளிது. வாரத்துக்கு ஒரு முழு நாள் வெளியே போய்வர முடிந்திருந்தால், இரவில் எழுந்த நாளுக்கு மறுநாள் மதியத் தூக்கம் கிடைத்திருந்தால், அவர் ஒரேயடியாகப் போக வேண்டிய தேவை இருந்திருக்காது.

தங்கும் ஆள் என்ற பெயரில் சிறு பெண்களை அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே தடை செய்யப்பட்ட குற்றம். பதினாறு வயதுப் பெண்ணை அனுப்பி, “வளர்ந்த பெண்தான், வீட்டில் கஷ்டம்” என்றாலும் மறுத்துவிடுங்கள். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இரட்டைக் குழந்தைகள், பெற்றோர் இருவருக்கும் இரவுப் பணி, அதோடு அவருக்கென்று கதவுள்ள ஓர் அறை: இந்த நிலையில் மட்டும் தங்கும் ஆயாவைப் பரிந்துரைப்பேன். கதவு இல்லையென்றால் வேண்டாம்.

ஏஜென்சி வழியாக

ஏஜென்சிகள் விற்பது ஆளை அல்ல, “மாற்று ஆள்” என்ற வாக்குறுதியை. இவர் வராவிட்டால் வேறொருவரை அனுப்புவோம் என்பார்கள். வீடு பெருக்க, சமைக்க என்றால் அந்த வாக்குறுதிக்கு மதிப்புண்டு. எட்டு ஒன்பது மாதக் குழந்தைக்கு? புது முகம் பார்த்தாலே வீரிட்டு அழுகிற பருவம் அது. காலை ஒன்பது மணிக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அந்தக் குழந்தையைக் கொடுத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து உட்கார எந்தத் தாயாலும் முடியாது. ஆக, பணம் கொடுத்து வாங்கிய மாற்று ஆள் இருந்தும் அன்றைக்கு நீங்கள்தான் விடுப்பு எடுப்பீர்கள்.

இன்னொன்று, ஏஜென்சியிடம் தருகிற தொகையில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம். சில இடங்களில் நாலில் ஒரு பங்கு, அதற்கு மேலும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ தமிழ் தெரியாமல் வந்திருக்கும் பெண்ணுக்கு அது தெரிவதேயில்லை. அவருக்குத் தெரிய வருகிற மாதம் அவர் போய்விடுவார்.

“போலீஸ் சரிபார்ப்பு முடிந்த ஆள்” என்று சொன்னால் அதன் நகலைக் கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்கென்று ஏஜென்சி தேவையில்லை. ஆளைக் கண்டுபிடிக்க ஏஜென்சியைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடுக்குமாடிக் காவலாளியும் எதிர்வீட்டுச் சமையல் அம்மாவும் பல நேரம் இதைவிட நல்ல ஆளைக் காட்டுவார்கள்.

காப்பகம்

காப்பகம் லீவு போடாது. அதற்குப் பதிலாக உங்கள் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளாது. லேசாகக் காய்ச்சல், மூக்கில் சளி என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். மற்றக் குழந்தைகளை நினைத்தால் அது சரியும்கூட. சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு குழந்தைக்கு வந்த சளி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப உங்கள் வீட்டுக்கு வரும். ஆயா தவறும் நாட்களுக்கு ஈடான எண்ணிக்கையில் இங்கேயும் நாட்கள் தவறும். கூடுதலாக, அன்று வீட்டில் இருப்பது காய்ச்சல் குழந்தை.

ஆனாலும் ஒரு நிலையில் காப்பகம் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது: அது அலுவலகக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தால். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்வரலாம் என்று 2017 திருத்தம் சொன்னது. பால் கொடுக்கிற தாய்க்கு இதற்கு இணையாக வேறு ஏற்பாடு கிடையாது. பணியில் சேரும் முன்பே மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். “பார்க்கலாம்” என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். கட்டடத்துக்கு வெளியே, குழந்தையைக் காரில் நாற்பது நிமிடம் சுமந்து போக வேண்டிய காப்பகம் என்றால் எட்டு மாதக் குழந்தைக்கு அது தண்டனைதான்.

எனவே என் தேர்வு இப்படி. அலுவலகத்திலேயே காப்பகம் இருந்தால் அது. இல்லையென்றால் ஒரே பஸ் தூரத்தில் இருக்கும் ஆயா, அதோடு வீட்டுக்குப் பக்கத்துக் காப்பகத்தில் தேவைப்படும் நாளுக்கு மட்டும் விட ஒரு பதிவு. ஆயா வராத நாளில் குழந்தை அங்கே போகும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளில் ஆயா இருப்பார். இரண்டும் ஒரே நாளில் தவறுவது அபூர்வம். குழந்தை இரண்டு மூன்று முறை ஆயாவோடு அந்தக் காப்பகத்துக்குப் போய் விளையாடிவிட்டு வந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

சொல்லிக்கொடுப்பதா, சேர்ந்து செய்வதா

ஆள் அமைந்த பிறகுதான் உண்மையான வேலை. சிலர் குளிர்பதனப் பெட்டியில் விதிமுறைப் பட்டியலை ஒட்டுகிறார்கள். சிலர் விடுப்பு முடியும் முன்பே பத்து நாள் ஆயாவை வரச் சொல்லிச் சம்பளம் கொடுத்துக் கூடவே இருக்கிறார்கள். இரண்டாவதற்குச் செலவு அதிகம், ஆனால் அது மட்டும்தான் பலிக்கிறது.

குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது ஆயாம்மா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கணுக்கால்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, பயத்தமாவு போட்டு ஊற்றும் அழகே தனி. அந்தக் கை நடுங்காது. நம் கை நடுங்கும். ஆனால் அதே கை கடைசியில் மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடும். மூக்கை ஊதி எடுக்கும். சாம்பிராணிப் புகையில் காட்டும். குழந்தை மருத்துவர்கள் இந்த மூன்றையும் வேண்டாம் என்கிறார்கள். பட்டியலில் எழுதி ஒட்டினால், நீங்கள் அலுவலகம் போன பிறகு அது தொடரும். பக்கத்தில் உட்கார்ந்து, “ஊற்றுவதெல்லாம் நீங்கள்தான் அக்கா, மூக்கு காது மட்டும் டாக்டர் சொன்னபடி விட்டுவிடுவோம்” என்று ஒரு வாரம் சேர்ந்து செய்தால் நிற்கும்.

பாலில் நிலைமை தலைகீழ். எடுத்து வைத்த தாய்ப்பாலை அடுப்பில் வைக்காமல், சொம்பில் வெந்நீர் எடுத்து அதில் பாட்டிலை நிறுத்தி, மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வோம். அவர் பாட்டிலே எதற்கு, பாலாடையில் (மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம்) புகட்டுகிறேன் என்பார். அதில் அவர் சொல்வதுதான் சரி. கழுவச் சுலபம், மருத்துவர்களும் பாட்டிலைவிடப் பாலாடையையே விரும்புகிறார்கள். விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுத்தால், மூக்கு எண்ணெயில் அவர் விட்டுக்கொடுப்பார்.

குழந்தை தூங்கும் இரண்டு மணி நேரத்தில் சும்மாதானே இருக்கிறார் என்று பாத்திரம் கழுவச் சொல்வது மெல்லத் தொடங்கி மாவு அரைப்பதில் முடியும். குழந்தையின் துணி, குழந்தையின் சாப்பாடு, குழந்தையின் பாத்திரம்: எல்லை அங்கே. மற்றது வேண்டுமென்றால் தனியாகப் பேசித் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கேமராவைச் சொல்லிவிட்டு வையுங்கள். எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அவர் உடை மாற்றும், படுக்கும் இடத்தில் கூடாது. ஒளித்து வைத்த கேமரா கண்டுபிடிக்கப்படும் நாளில் நல்ல ஆயாதான் முதலில் போவார். மோசமானவர் கேமராவுக்குப் பின்னால் உட்காரக் கற்றுக்கொள்வார். அவருக்கென்று தனி டம்ளரை ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைக்கும் வழக்கம் இன்னும் நல்ல படிப்புப் படித்த வீடுகளிலும் இருக்கிறது. உங்கள் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டும் கை அது என்பதை அந்த வீட்டார் எப்படிச் சமாதானம் செய்துகொள்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

முன்பணம் கேட்பார்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம், ஆடியில் வட்டி. கொடுங்கள், ஆனால் மாதம் எவ்வளவு பிடிப்பது என்று இருவரும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்பது பல வீடுகளில் வழக்கம். புடவை அதற்கு ஈடாகாது. 2007-இல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுவரை உள்ளவர்கள் பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. விண்ணப்பத்தை நிரப்பித் தர உங்களுக்கு ஒரு மாலை போதும். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான், அவருடைய புகாரைக் கேட்க மாவட்ட அளவில் குழு இருக்கிறது. இதை வீட்டு ஆண்கள் அறிந்திருப்பது நல்லது.

குழந்தை மூன்று வயதை நெருங்கிப் பிளே ஸ்கூல் போகத் தொடங்கியதும் முழு நாள் ஆயா அரை நாள் ஆயாவாகிவிடுவார், சம்பளமும் பாதியாகும். அதைச் சேர்க்கை முடிந்த அன்றே, குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்; மீதி அரை நாளுக்கு அதே குடியிருப்பில் வேறு வீடு பிடித்துக்கொடுங்கள். அந்த வீட்டார் போன் செய்து ஆள் எப்படி என்று விசாரிப்பார்கள். நல்லவர், கெட்டிக்காரர் என்பதோடு நிறுத்தாமல், என்ன சம்பளம் கொடுத்தீர்கள், மாதம் எத்தனை நாள் விடுப்புக் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதற்குக் கீழே பேரம் பேச அவர்கள் கூச்சப்படுவார்கள்.