மின்நூல் வாங்குவது சரி, எந்த லைசன்ஸில்?

இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பாடநூல்களை மின்நூலாக வாங்கினால் பிள்ளைகளின் செலவு குறையும் என்கிறார்கள். குறையும்தான். ஆனால் எந்த லைசன்ஸில், அதாவது எத்தனை பேர் எப்படி வாசிக்கலாம் என்ற நிபந்தனையில், வாங்குகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பலரும் தேடும் பாடநூலின் அச்சுப் பிரதியை ஓரிரவுக்கு இரவல் எடுத்தால் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் இருக்கும்வரை அது போதும். ஸ்டடி லீவுக்கு மலையகத்து மஸ்கெலியாவுக்கோ பசறைக்கோ பஸ் ஏறிவிட்டால் எட்டாது. கையில் இருப்பது போட்டோ கொப்பி மட்டும்.

மின்நூல் கைகொடுக்க வேண்டியது அங்கேதான். 'ஒரு நேரத்தில் ஒருவர்' என்ற லைசன்ஸ் அங்கேதான் காலை வாருகிறது. என் தங்கை மகள் பரீட்சைக்கு முந்தின வாரம், தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று போனில் புத்தகத்தைத் திறந்தாள். வேறொருவர் வாசிக்கிறார் என்று வந்தது. ஒரே நாளில் நான்கு தடவை ஏறி இறங்கினாள். "புத்தகம் இருக்கு மாமா, தொறக்கத்தான் மாட்டேங்குது" என்றாள். வகுப்பு முழுக்கத் தேடும் புத்தகத்துக்கு இந்த லைசன்ஸ் வாங்கவே கூடாது.

எத்தனை பேரும் வாசிக்கலாம், அத்தியாயங்களை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற லைசன்ஸ்தான் மலையகப் பிள்ளைக்கு உதவும். ஒருமுறை மேடேறினால் போதும், பிறகு டேட்டாவும் வேண்டாம். விலைதான் அதிகம், அதுவும் டொலரில். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஆண்டுச் சந்தாவாக இருந்தால், கட்ட முடியாத வருடம் புத்தகமும் போய்விடும். அதனால் ஒரேயடியாக வாங்குவதே நல்லது. சில பெரிய பதிப்பகங்கள் பாடநூல்களை நூலகங்களுக்கு விற்பதே இல்லை என்பது வேறு தலைவலி.

முதலாம் வருடப் பௌதிகம், உயிரியல், பொருளியலுக்குக் காசே தேவையில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ஓபன்ஸ்டாக்ஸ் என்ற பெயரில் இலவசமாக வெளியிடும் பாடநூல்களைப் பீடிஎஃப்பாகவே இறக்கலாம். தமிழில் இல்லை என்பதுதான் குறை. தமிழ் மூலம் கலைப் பாடங்கள் படிப்பவர்களுக்கு, ஈழத்து நூல்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' என்ற தளம் ஓரளவு துணை.

நான் முடிவெடுப்பதானால் முதலாம் வருடத்தை இலவசப் பாடநூல்களுக்கு விடுவேன். மிஞ்சும் காசில் மேல் வருடங்களுக்கான நான்கைந்து முக்கிய புத்தகங்களை வரம்பில்லாத லைசன்ஸில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அச்சுப் பிரதியும் வைப்பேன்.