கடலோர நட்சத்திர ஹோட்டலில் இரவுச் சாப்பாடு, 2 வயதுப் பிள்ளையோடு

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த கண்ணாடிச் சன்னலும் வெள்ளை விரிப்பும் கொண்ட இந்த உணவகம் பெரியவர்களுக்கு அருமை. பிள்ளையோடு போனால் நேரம்தான் முக்கியம். இரவு 7 மணிக்குத் திறந்ததும் நுழைந்துவிடுங்கள். அஸ்தமனம் பார்த்த கூட்டம் 7.30-க்கு வந்து சேரும். அப்புறம் ஆர்டர் கொடுத்தால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், எந்தப் பிள்ளை பொறுக்கும்?

குழந்தை நாற்காலி இரண்டுதான், போனிலேயே சொல்லி வையுங்கள். ஒன்றில் இடுப்புப் பட்டை சரியாகப் பூட்டுவதில்லை, இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார வைக்கவும்.

குழந்தைகள் மெனு வீண்; வெறும் நூடுல்ஸும் ஃப்ரைஸும். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கேளுங்கள். நெய்மீன் (வஞ்சிரம்) துண்டை உப்பு, மஞ்சள் மட்டும் போட்டு வாட்டித் தருகிறார்கள்; நடுமுள் பெரிது, எடுப்பது எளிது. சாளை (மத்தி) வேண்டாம், பொடிமுள். மீன்குழம்பில் காரம் குறைக்கச் சொல்லிப் பயனில்லை, மிளகாய் தேங்காயோடு சேர்த்தே அரைபடுகிறது.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம், இந்த ஊரில் கைக்குழந்தைக்கே மசித்துக் கொடுப்பது, மெனுவில் இல்லை! வெளியே இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பில்லை இனிப்பு சொல்லும்போதே கேட்டுவிடுங்கள்.