வாயால் ஊதிய ஜன்னல் கண்ணாடி: வாங்கலாமா?

பழைய மரச் சட்டம் உறுதியாகத்தான் இருந்தது, கண்ணாடிதான் விரிசல் விட்டிருந்தது. அதனால் வாயால் ஊதிச் செய்த கண்ணாடியே வாங்கி மாட்டினேன். வெளியே பளிச்சென்று தெரிய வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். தலையைக் கொஞ்சம் அசைத்தால் போதும், எதிரே இருக்கும் சுவரே நெளிகிறது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இதைச் செய்கிற விதமே அப்படி. உருகிய கண்ணாடியை ஊதுகுழல் நுனியில் எடுத்து, ஊதி ஊதி, ஊசலாட்டி நீண்ட உருளையாக்குவார்கள். இரு முனைகளையும் வெட்டிவிட்டு, நெடுகக் கீறி, மறுபடி சூளையில் வைத்தால் உருளை இளகி விரிந்து கொடுக்கும். அதை மரக்கட்டையால் தேய்த்துத் தட்டையாக்குவார்கள். 1851இல் லண்டனில் கண்ணாடியும் இரும்புமாக எழுந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்காட்சி மண்டபத்துக்குச் சான்ஸ் பிரதர்ஸ் என்ற நிறுவனம் கொடுத்த சுமார் 3 லட்சம் கண்ணாடிகளும் இந்த முறையில் வந்தவைதான். என் கண்ணாடியின் ஒரு மூலையில் அரிசி மணி போல நீண்ட குமிழி ஒன்று இருக்கிறது. உருளை நீண்ட திசையிலேயே அதுவும் நீண்டிருக்கிறது. வட்டத்தட்டாகச் சுழற்றிச் செய்கிற இன்னொரு பழைய முறையில் என்றால் குமிழியும் கோடும் வில்லாக வளையும்.

'கண்ணாடி மெல்ல வழியும் சார், அதனால்தான் பழைய ஜன்னலில் அடிப்பக்கம் தடிப்பு' என்றார் விற்றவர். வெறும் கதை. அந்தக் காலத்துக் கண்ணாடி எல்லா இடமும் ஒரே தடிமனில் வராது. தடித்த விளிம்பைக் கீழே வைத்துப் பொருத்தியிருந்தால் அப்படித்தான் தெரியும்.

குறை என்றால் வெட்டுவதுதான். ஒரே தகட்டில் தடிமன் மாறுவதால் கட்டர் கோடு விட்டு ஓடுகிறது. மாட்ட வந்தவர் கையில் ஒரு தகடு போயே போயிற்று. உபரியாக ஒன்று சேர்த்து வாங்குங்கள். ஒற்றைக் கண்ணாடி என்பதால் வெளியிலிருந்து வரும் சத்தத்தையும் பெரிதாகத் தடுக்காது.

அப்புறம், 'பழைய பாணி' என்று விற்கிற இயந்திரக் கண்ணாடியிலும் அலை இருக்கும். ஆனால் பல தகடுகளில் ஒரே நெளிவு அச்சடித்தது போலத் திரும்பத் திரும்ப வந்தால் அது ஊதியது அல்ல. வாங்கும் முன் ஜன்னல் கம்பிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கம்பி வளைவதிலேயே தெரிந்துவிடும். வீடு 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டியது என்றால், இயந்திரத்தில் இழுத்த கண்ணாடியே அந்தக் காலத்துக்குப் பொருந்தும், காசும் மிச்சம். உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் இன்றைய சமதளக் கண்ணாடியைப் பில்கிங்டன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அறிவித்ததே 1959இல்தான்.