18 வருஷ நம்பர் கையைவிட்டுப் போன கதை: பிரிபெய்டு வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

திண்டுக்கல்லில் மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் மிக்ஸியின் அடிப்பக்கத்தில் கடைப் பேரும் செல் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித்தான் கொடுப்பேன். 2006-இல் தொடங்கிய பழக்கம். எத்தனை ஆயிரம் ஒட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. நத்தம், வடமதுரை, சின்னாளபட்டி என்று சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு சமையலறையில் மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள், என் நம்பர் இருக்கும்.

அந்த நம்பர் இப்போது என்னிடம் இல்லை. எப்படிப் போனது என்று சொல்கிறேன். கம்பெனி பேர் வேண்டாம். இந்தியாவில் செல் வைத்திருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிரிபெய்டுதான். எந்தக் கம்பெனி சிம்மாக இருந்தாலும் இது உங்களுக்கும் நடக்கலாம்.

அந்த சிம்மை 2006-இல் வாங்கும்போதே 999 ரூபாய் கட்டினேன். ‘லைஃப்டைம் கார்டு’ என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. ஒருமுறை கட்டிவிட்டால் ஆயுசுக்கும் இன்கமிங் இலவசம் என்றார்கள். யாருடைய ஆயுசு என்று கேட்டிருக்க வேண்டும். 2018 கடைசியில், மாசம் 35 ரூபாயாவது போட்டால்தான் இன்கமிங் வரும் என்று மெசேஜ் வந்தது. சரி, 35 தானே என்று போட்டேன். அந்த 35 படிப்படியாக ஏறி 99, 155 என்று போய், 2024 ஜூலையில் 199-க்கு வந்து நின்றது. மாசம் என்பதும் 28 நாள்தான். வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் ஆகிறது. 35 ரூபாயாக இருந்தபோது வருஷச் செலவு 455. 199 ஆனதும் 2,587. இத்தனைக்கும் அந்த சிம்மில் நான் செய்வதெல்லாம் வரும் போனை எடுப்பது மட்டும்தான். வாட்ஸ்அப், வீடியோ எல்லாம் இன்னொரு கம்பெனியின் இரண்டாவது சிம்மில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஜூலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை போட்டு சிம் விற்கும் பையனிடம் என் கம்பெனி மேஜையிலேயே விசாரித்தேன். வேறு கம்பெனியிலிருந்து நம்பரை மாற்றிக்கொண்டு வருபவர்களுக்கு சிம் இலவசம், முதல் ரீசார்ஜில் சலுகை என்று அடுக்கினான். “தம்பி, நான் 18 வருஷமா இங்கேயே இருக்கேன், எனக்கு என்ன?” என்றேன். சிரித்துக்கொண்டே, “அங்கிள், நீங்க ஒரு தடவை வெளியே போயிட்டு வாங்க, உங்களுக்கும் தர்றேன்” என்றான். கிண்டலாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் சொன்னதுதான் நடைமுறை. போர்ட் (அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறுவது) செய்யப் போகிறேன் என்று 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள், அதுவரை நீங்கள் இருப்பதே தெரியாதவர்கள் போனுக்கு மேல் போன் போட்டுச் சலுகை சொல்வார்கள்.

ஆகஸ்ட் 10-ஆம் தேதி என் வேலிடிட்டி முடிந்தது. 199 போட மனசு வரவில்லை, இரண்டு நாள் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன். இது என் தப்பு. 14-ஆம் தேதி பைபாஸில் டூவீலரிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. சட்டைப் பையில் இருந்த போனும் நொறுங்கியது. ஆபரேஷன் முடிந்து ஓசூரில் மகள் வீட்டில் மூன்று மாசம் படுக்கை. மருமகன் ஒரு பழைய போனைக் கொடுத்து இரண்டாவது சிம்மை மட்டும் போட்டுக் கொடுத்தார். கடையே மூடிக் கிடக்கும்போது கடை நம்பர் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

கவலைப்படாமல் இருந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. மெயின் பேலன்ஸில் 20 ரூபாய்க்கு மேல் இருந்தால் நம்பரை எடுக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இலேயே போட்ட விதி. 90 நாள் போனும் மெசேஜும் டேட்டாவும் இல்லாமல் சும்மா கிடந்தால்தான் சிம்மை நிறுத்தலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருக்க வேண்டும். எப்போதோ 100 ரூபாய் டாப்-அப் போட்டதில் வரி, கட்டணம் போக 81 ரூபாய் 75 காசு ஏறியது நினைவிருந்தது. அது அப்படியே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 20-ஆம் தேதி கைத்தடியோடு ஊர் திரும்பி, சிம்மை வேறு போனில் போட்டேன். சிக்னல் இல்லை. நேராக அந்தக் கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், 12-ஆம் தேதியே டீஆக்டிவேட் ஆயிடுச்சு. போன நம்பர் வராது. புது சிம் வாங்கிக்குங்க” என்றது. 18 வருஷம் என்றேன், கடை நம்பர் என்றேன், எக்ஸ்ரே எல்லாம் காட்டினேன். “சிஸ்டத்துல ஒண்ணும் பண்ண முடியாது சார்.” சரி, கேட்டுப் பார்த்தாயிற்று என்று அங்கேயே 299 ரூபாய்க்குப் புது சிம் எடுத்துக்கொண்டு வந்தேன். என் முட்டாள்தனத்தைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அதுவும் அதே கம்பெனி சிம்தான்.

அந்தப் பெண் சொன்னது பொய். தெரிந்தே சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்பது எனக்குத் தெரியாது. அதே 2013 விதியில், நிறுத்திய பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் வந்து கேட்டால் அதே நம்பரைத் திரும்பத் தர வேண்டும் என்று இருக்கிறது. நான் போனது எட்டாவது நாள். இன்னும் ஒரு வாரம் கையில் இருந்திருக்கிறது. எனக்கு இது தெரிந்தது டிசம்பர் 5-ஆம் தேதி, கடைக்குக் கிரைண்டர் கொண்டுவந்த ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர் ஒருவர் சொல்லி. அதற்குள் 15 நாளும் ஓடிவிட்டது.

கஸ்டமர் கேரில் புகார் கொடுத்தேன். ஒரு டாக்கெட் நம்பர் கொடுத்து, இரண்டே நாளில் ‘தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் அனுப்பி மூடிவிட்டார்கள். அப்புறம் மேல்முறையீடு. ஒவ்வொரு கம்பெனியிலும் இதை விசாரிக்கவென்று ஓர் அமைப்பு இருக்க வேண்டும். புகார் முடிந்த 30 நாளுக்குள் எழுதலாம், காசு கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொன்னார்கள். ‘உங்கள் மெயின் பேலன்ஸ் 4 ரூபாய் 12 காசு மட்டுமே இருந்ததால் எண் தக்கவைப்பு பொருந்தாது.’

81 ரூபாய் எப்படி 4 ரூபாய் ஆனது? பதிலோடு வந்த கணக்கில் இருந்தது. மே, ஜூன், ஜூலை என்று மூன்று மாசமும் ‘காலர் ட்யூன்’ என்று பிடித்திருக்கிறார்கள். எனக்குப் போன் போட்ட எவனும் பாட்டுக் கேட்டதாகச் சொன்னதில்லை. இப்படிச் சேவை எதையும் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் இரண்டுமுறை சம்மதம் வாங்க வேண்டும் என்று டிராய் 2013-இல் உத்தரவு போட்டிருக்கிறது. இரண்டு தடவையும் நான் ‘ஓகே’ அழுத்தியதாகக் கம்பெனி சொல்கிறது. எண்ணெய்க் கையோடு போன் திரையில் வந்ததைத் தள்ளிவிடும்போது அழுத்தியிருக்கலாம். இல்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

15 நாள் அவகாசத்தைக் கவுண்டரில் மறைத்ததைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு ‘வாடிக்கையாளர் கடையில் பேசியதற்குப் பதிவு இல்லை’ என்றார்கள். அன்றைக்கு அந்தக் கவுண்டரிலேயே ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கியிருந்தாலோ, வாசலில் நின்றபடி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு டாக்கெட் நம்பர் வாங்கியிருந்தாலோ கதை வேறாக இருந்திருக்கும். வாயால் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்ததில்தான் தோற்றேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று வக்கீல் நண்பர் சொன்னார். தொலைபேசிப் புகார்களையும் நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டதாம். நான் போகவில்லை. ஏற்கெனவே மூன்று மாசம் கடை மூடிக் கிடந்தது, இனி வாய்தாவுக்கு வேறு மூட வேண்டுமா என்று தோன்றியது. போக முடிந்தவர்கள் போங்கள்.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. போஸ்ட்பெய்டில் பில் கட்டாவிட்டால் அவர்கள் நம்மைத் துரத்துவார்கள், ஏனென்றால் நாம் அவர்களுக்குக் கடன்காரர். பிரிபெய்டில் காசு முன்னாலேயே போய்விடுகிறது, பாக்கி ஒன்றும் இல்லை, அதனால் தேட ஆளும் இல்லை. ஒப்பந்தம் இல்லை, நினைத்தபோது போகலாம், வரலாம் என்று நாமும் அதைத்தான் வசதி என்று நினைத்து வாங்குகிறோம். அந்தச் சுதந்திரம் அவர்களுக்கும் உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் 18 வருஷ வாடிக்கையாளர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் கணக்கில் நான் 28 நாள் வாடிக்கையாளர், ஒவ்வொரு தடவையும். எச்சரிக்கை மெசேஜ்களையெல்லாம் ஒழுங்காக அனுப்பியதாகச் சொன்னார்கள். எங்கே அனுப்பினார்கள்? நொறுங்கிக் கிடந்த அந்த நம்பருக்கே. சிம் வாங்கும் படிவத்தில் மாற்று எண் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தேன். அதற்கு ஒரு போன் வரவில்லை.

அதனால் இதையெல்லாம் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். மெயின் பேலன்ஸ் எவ்வளவு என்று பாருங்கள், பேக் இருக்கிறதா என்பது வேறு கணக்கு. 20 ரூபாய்க்குக் குறைந்தால் டாப்-அப் போடுங்கள். கேட்காத சேவை எதாவது ஓடினால் 155223-க்குப் போன் போட்டு நிறுத்துங்கள், அது இலவச எண். எங்கே காசு போகிறது என்று தெரியாவிட்டால் கடந்த ஆறு மாசக் கணக்கை எழுத்தில் கேளுங்கள், பிரிபெய்டுக்கும் அந்த உரிமை உண்டு, 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டில் பேச மட்டும் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால், டேட்டா இல்லாத திட்டம் கேளுங்கள். 2024 டிசம்பரில் டிராய் கட்டாயமாக்கி, 2025 ஜனவரியிலிருந்து கம்பெனிகள் தருகின்றன. விளம்பரத்தில் தேடினால் கண்ணில் படாது, கேட்டு வாங்க வேண்டும். எனக்கு ஆறு மாசம் முன்னால் வந்திருக்கலாம்.

கம்பெனி பிடிக்கவில்லை என்றால், சிம் உயிரோடு இருக்கும்போதே மாறிவிடுங்கள். PORT என்ற ஆங்கில எழுத்துக்களோடு உங்கள் நம்பரையும் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் மாறுவதற்கான ஒரு குறியீடு வரும், நம் பக்கத்தில் அது நாலு நாள்தான் செல்லும். எஸ்எம்எஸ் வசதி இல்லாத சின்ன பேக் போட்டிருந்தால் அந்த எஸ்எம்எஸ் போகாது என்று முன்பு மடக்கி வைத்திருந்தார்கள். எவ்வளவு ரீசார்ஜ் செய்திருந்தாலும் அதை அனுப்ப விட வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் சொல்லிவிட்டது. மாறும்போது மீதிப் பேலன்ஸ் நம்மோடு வராது, தீர்த்துவிட்டுப் போங்கள். செத்த நம்பரை மட்டும் எங்கும் மாற்ற முடியாது.

நம்பர் போன பிறகு வந்த அலைச்சல் தனிக் கதை. ஆதாரில் நம்பரை மாற்ற நேரில் போய்க் கைரேகை வைத்து 50 ரூபாய் கட்டினேன். பேங்க், கேஸ், மின்வாரியம், ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாக ஓடினேன். காலை இழுத்துக்கொண்டு படி ஏறிய மாசம் அது. நிறுத்திய நம்பரை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதால், அதற்குள் முடிக்க வேண்டும் என்ற பயம் வேறு.

பழைய நம்பருக்கு அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். உபயோகத்தில் இல்லை என்றே வரும். போன ஜூனில் ஒருநாள் ரிங் போனது. எடுத்தது ஒரு கல்லூரிப் பெண், திருவாரூர்ப் பக்கமாம். நான் யார் என்று சொல்லி முடிக்கும் முன்பே, “நீங்கதான் அந்த கிரைண்டர்காரரா?” என்றது. சிம் வாங்கிய நாளிலிருந்து தினம் இரண்டு மூன்று பேர் கூப்பிடுகிறார்களாம். ஓர் அம்மா, மாவு அரைக்கும்போது கல் நின்றுவிட்டது என்று அதைப் பிடித்துத் திட்டியிருக்கிறார். புது நம்பரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து கூப்பிடுபவர்களுக்கெல்லாம் அந்தப் பிள்ளைதான் என் நம்பரைச் சொல்லி அனுப்புகிறது.

போன வாரம் அதனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: “அங்கிள், இன்னைக்கு ரெண்டு மிக்ஸி. அப்புறம் உங்க நகைக்கடனுக்கு 23-ஆம் தேதிதான் கடைசி நாளாம்.”

கூட்டுறவு சங்கத்தில் நம்பரை மாற்ற மறந்துவிட்டேன்.